தோலுறைக்குள் இரண்டு டச் ஸ்கிரீன்

1. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த பெரியம்மா மகன், துபாயிலிருந்து பாட்டுக் கேட்கும் டச் ஸ்கிரீன் பிளேயர் இரண்டு கொண்டுவந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

2. இரண்டில் ஒன்று என் அக்காவுக்கு. எது என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். மற்றது அவர் மனைவிக்கு, எங்கள் அண்ணிக்கு.

3. நான் அட்டவணை போட்டேன். பதினாறு வரிசை, வரிசைக்குப் பத்து மார்க்.

4. வெள்ளை ஜெயித்தது.

5. அக்கா இரண்டையும் பஸ்ஸில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இரண்டுமே வேண்டாம் என்றாள்.

6. அப்பா இரண்டுக்கும் தோலில் உறை தைத்தார். தப்பாகத் தைத்தார்.

7. அக்கா முடிவை மாற்றிக்கொண்டாள்.

எழுதிப் பார்த்தால் ஏழு வரிதான். ஆறாவது வரியிலிருந்து ஏழாவதுக்கு எப்படி வந்தோம் என்பதைச் சொல்லத்தான் மீதி எல்லாம்.

நாங்கள் இருப்பது ஆம்பூரில். அப்பா ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் கட்டர். புது டிசைன் வந்தால் முதல் ஜோடியை வெட்டித் தைத்துப் பார்க்கிற அறை அது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேறொரு கம்பெனியின் டெஸ்டிங் லேபில் சேர்ந்திருந்தேன். ஷூவின் அடிப்பாகத்தை மெஷினில் மாட்டி, மடக்கி மடக்கி, எத்தனையாவது மடக்கில் விரிசல் விடுகிறது என்று எழுதி வைப்பது என் வேலை. என்னைவிட நான்கு வயது பெரியவளான அக்கா வேலூரில் நர்ஸ். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அம்மா வீட்டில் இருந்தாள். எங்கள் மூன்று பேருடைய ஷிஃப்டையும் நினைவில் வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

அக்கா நர்ஸிங் முடித்த நாளிலிருந்தே இங்கிலாந்து போக வேண்டும் என்று இருந்தாள். அதற்கு ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. படிப்பது, எழுதுவது, பேசுவது, கேட்பது என்று நான்கு பகுதி. நான்கிலும் அவர்கள் சொன்ன மார்க் வர வேண்டும். இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் மூன்று பகுதி தேறி, கேட்பது மட்டும் அரை மார்க்கில் போனது. அவளோடு படித்த இரண்டு பேர் அதற்குள் போய்ச் சேர்ந்து பனியில் நின்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு மருத்துவமனை அவளை எடுத்துக்கொள்வதாக அனுப்பியிருந்த கடிதம் மார்ச் வரைதான் செல்லும். பிப்ரவரியில் வரும் தேர்வுதான் கடைசி வாய்ப்பு.

இரண்டாவது தடவை அவள் தோற்றதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதற்கு வாக்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா வாங்கிய வாக்மேன் அது. வாங்கிய மறுநாளே அதற்கு உறை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் உறையில்லாமல் ஒரு வாரத்துக்குமேல் இருந்ததில்லை. ரேடியோ, டார்ச் லைட், கால்குலேட்டர், அம்மாவின் மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் அப்பா வெட்டி மீந்த தோலில் தைத்துக் கொண்டுவருவார். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். யார் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள் என்பதை ரிமோட் உறையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த வருடம் எந்த நாட்டுக்கு என்ன நிற ஷூ போனதோ அந்த நிறம்தான் வீட்டுக்கு வரும். ஒரு வருடம் எங்கள் வீட்டில் எல்லாம் பச்சையாக இருந்தது.

வாக்மேனின் உறை செங்கல் நிறம். அதில் கிறிஸ்துமஸ் பாட்டுக் கேட்டோம், கோயில் பாடகர் குழுவின் ஒத்திகையைப் பதிவுசெய்து கேட்டோம், நான் சத்தமே வராத கேசட்டைப் போட்டுக்கொண்டு கேட்பதுபோல் நடித்து வேலை செய்யாமல் தப்பித்தேன். பின்னால் அது அக்காவுக்குப் போனது. பயிற்சி வகுப்பில் கொடுத்த ஆங்கிலக் கேசட்டுகளைப் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவாள். ஒரு கை மேலே கம்பியில், ஒரு கை தோள்பைக்குள். ஒரு சொல் விட்டுப்போனால் பைக்குள்ளேயே கட்டைவிரலால் ரீவைண்ட் பொத்தானை அமுக்குவாள். பார்க்கவே மாட்டாள்.

இரண்டாவது தேர்வு எழுதிவிட்டு வந்து, "இன்னா வேகமா பேசறாங்கடீ! கேசட்ல இப்டி பேசலியே" என்றாள். எனக்குச் சந்தேகம் வந்து வாக்மேனைத் திறந்து பார்த்தேன். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. கேசட் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மூன்று மாதமாக அக்கா கேட்டது, தூங்கி எழுந்த வெள்ளைக்காரர்கள் இழுத்து இழுத்துப் பேசிய ஆங்கிலம். பாட்டு கேட்டிருந்தால் யாருக்காவது உடனே தெரிந்திருக்கும். அக்காவுக்கு ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படித்த தங்கை ஒரே வீட்டில் இருந்தும் அந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்க்கவில்லை.

அதனால்தான் துபாயிலிருந்து வந்த அண்ணன் இரண்டு பிளேயரையும் மேசைமேல் வைத்தபோது, இந்தத் தடவை தப்பு நடக்கக்கூடாது என்று நோட்டை எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை அவர் வந்தார். துபாயில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை. இரண்டாயிரத்துப் பத்துக்கு ஒன்றிரண்டு வருடம் இருந்த காலம். டச் ஸ்கிரீன் என்பதை ஊரில் நாங்கள் வங்கியின் ஏடிஎம்மில் மட்டும்தான் பார்த்திருந்தோம். அங்கேயும் பாதி நாள் அது வேலை செய்யாது.

"ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கோம்மா. இன்னொண்ணு உங்க அண்ணிக்கு" என்றார் அக்காவிடம். "புது வருஷ ஆராதனை முடிஞ்சி நான் வர்றப்ப சொன்னா போதும். சண்ட போட்டுக்காதீங்க."

"அண்ணிக்கு எது புடிச்சிருக்குது?" என்று அக்கா கேட்டாள்.

"வெள்ளதான். பொட்டிய தொறந்ததுலருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கா. அத வெளில சொல்லாத, அப்பறம் நான் இன்னாத்துக்கு ஆவறது."

வெள்ளை முழுக்கக் கண்ணாடி. விரலை வைத்து லேசாகத் தள்ளினால் பாட்டுகளின் அட்டைப்படங்கள் சீட்டுக்கட்டுபோல் புரண்டன. கறுப்பு கொஞ்சம் தடிமன். திரை பிளாஸ்டிக். தள்ளினால் நகராது, அமுக்க வேண்டும். நகத்தால் அமுக்கினால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

அம்மா சமையலறையிலிருந்து முறுக்கு மாவுக் கையோடு வந்து, "நானும் பாக்கறேன், குடு" என்று வெள்ளையைத் தொட்டாள். மாவு ஈரத்தில் திரை தறிகெட்டு ஓடியது. ஒரு பாட்டிலிருந்து பத்தாவது பாட்டுக்குத் தாவியது, போட்டோ வந்தது, கடிகாரம் வந்தது.

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலப்பா!" என்று அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"சித்தி கை பட்டா இன்னாதான் ஓடாது" என்றார் அண்ணன்.

நான் நோட்டில் ஐந்தாவது வரிசையாக 'ஈரக் கை' என்று எழுதினேன். வெள்ளைக்கு மூன்று, கறுப்புக்கு எட்டு.

அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு வரிசையும் முடிந்தது. எல்லாவற்றையும் இங்கே எழுதத் தேவையில்லை. முக்கியமானவை இவை. ஒலித் தெளிவு: இரண்டுக்கும் ஒன்பது. திரையின் வெளிச்சம்: வெள்ளை பத்து, கறுப்பு ஆறு. வெயிலில் படிக்க முடிவது: வெள்ளை ஏழு, கறுப்பு நான்கு. கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றுவது: வெள்ளைக்குத் தனி மென்பொருள் போட வேண்டும், அதன் பேச்சைத்தான் நாம் கேட்க வேண்டும், ஐந்து; கறுப்பில் ஃபோல்டரை இழுத்துப் போட்டால் முடிந்தது, ஒன்பது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் எவ்வளவு நேரம்: கறுப்பு கூடுதல். எடை, தடிமன், கீறல், திரையை விரல் உணரும் வேகம் எல்லாவற்றிலும் வெள்ளை.

கறுப்பில் ஒரு வசதி இருந்தது. பேச்சின் நடுவே ஓர் இடத்தில் திரையின் ஒரு மூலையை அமுக்கினால் அது 'ஏ'. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி அமுக்கினால் 'பி'. பிறகு ஏயிலிருந்து பி வரை உள்ள துண்டு மட்டும் நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும். அதற்கு ஒரு வரிசை கொடுத்தேன். கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்குப் பூஜ்யம். ஆனால் வெள்ளையிலும் விரலால் பின்னால் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, அந்த வரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டல்: வெள்ளை நூற்றுப் பதினெட்டு. கறுப்பு தொண்ணூற்றேழு.

டூட்டி முடிந்து வந்த அக்காவிடம் நோட்டை நீட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"அழகுக்கு எவ்ளோ போட்டுருக்கற?"

"அதுக்கு வரிசையே இல்லக்கா."

"அப்பறம் எப்டி வெள்ள ஜெயிச்சுது?" என்று சிரித்தாள். "மார்க்க நீ போட்டுட்ட. பரீட்ச நான்தான் எழுதணும். பஸ்ல கொண்டுபோய் பாக்கறேன், குடு."

அவளுடைய பயிற்சிப் பாடம் முழுவதையும் இரண்டிலும் ஏற்றிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வெள்ளையோடு போனாள். செவ்வாய்க்கிழமை கறுப்போடு போனாள். செவ்வாய் சாயங்காலம் வந்து இரண்டையும் என் மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டும் வேணாம்டீ. அண்ணன்கிட்ட ரெண்டையும் குடுத்துடு."

"ஏன்க்கா? இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? மாதனூர் தாண்டி ஒரு வார்த்த வுட்டுட்டேன். கம்பிய வுட்டுட்டு, பையிலருந்து எடுத்து, தெரைய பாத்து, எங்க தொடணும்னு தேடி, பின்னால இழுத்தா, அது பாடத்தோட ஆரம்பத்துக்கே போய்டுச்சி. மறுபடி கேட்டு அந்த எடத்துக்கு வர்றதுக்குள்ள பள்ளிகொண்டா வந்துடுச்சி. பக்கத்துல நின்ன அம்மா வேற, இதுல சினிமா தெரியுமாம்மான்னு கேக்குது. ஒரே பேஜாரு."

"கறுப்பு?"

"கறுப்பும் அதே கததான். தடவுனா ஒண்ணுமே தட்டுப்படல. ரெண்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்குது. பைக்குள்ள கைய வுட்டா எது எங்க இருக்குதுன்னு எப்டி தெரியும்? எனக்கு பழைய வாக்மேனே போதும். புது பெல்ட் மாட்டிக் குடு."

அந்த வாக்மேனுக்கு ஏற்ற பெல்ட்டை ஆம்பூரில் நான் ஏற்கெனவே தேடியிருந்தேன். வேலூரிலும் தேடியிருந்தேன். கிடைக்கவில்லை. கேசட் வாங்குகிறவர்களே இல்லாமல் போன காலம். பயிற்சி வகுப்பும் கேசட்டை நிறுத்திவிட்டு சிடி கொடுக்கத் தொடங்கியிருந்தது. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. வேலைக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அக்காவுக்குக் கேட்கக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். அந்த இரண்டரை மணி நேரமும் போய்விட்டால் மூன்றாவது தடவையும் அதே அரை மார்க்தான்.

நான் நோட்டைத் திறந்து பதினேழாவது வரிசை எழுதினேன்: 'பார்க்காமல் இயக்க முடிவது.' இரண்டுக்கும் பூஜ்யம் போட்டேன்.

அப்பா உறை தைப்பதற்கு அளவெடுத்தது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அது தெரியாது. கோயிலிலிருந்து வந்ததும், மேசைமேல் அணைத்து வைத்திருந்த இரண்டையும் எடுத்து, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டிருக்கிறார். அணைத்து வைத்தால் இரண்டும் கண்ணாடித் துண்டு மாதிரிதான் இருக்கும். அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோவுக்கோ டார்ச்சுக்கோ அவர் யாரையும் கேட்டதில்லையே.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் வந்ததும் சட்டைப் பையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து வைத்தார். ஆட்டுத் தோல், கரும்பழுப்பு. ஓரத்தை எங்கள் ஊரில் செய்வதுபோல் சீவி மெலிதாக்கி மடித்துத் தைத்திருந்தார். தையல் ஒரே சீராக ஓடியது. இயர்ஃபோன் மாட்டத் துளை இருந்தது. பக்கவாட்டில் இருக்கும் பூட்டு விசைக்கு ஒரு சின்ன வெட்டு இருந்தது. முன்பக்கம் முழுக்கத் தோல். திரை இருக்க வேண்டிய இடத்தில் திறப்பே இல்லை.

அக்காதான் முதலில் பார்த்தாள். கையில் எடுத்துத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள்.

"அப்பா, இதுல தெரை எங்க?"

"இன்னா தெரை?"

"கண்ணாடி. முன்னால."

"உள்ள இருக்குது" என்றார் அப்பா. "கண்ணாடிய வெளிய வுட்டா கீறல் வுழாதா? மடிச்சி மூடிட்டேன். ஒண்ணும் ஆவாது."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா கறுப்பை ஆன் செய்து அதன் உறைக்குள் நுழைத்துப் பார்த்தாள். சட்டை போட்டதுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு எங்கள் இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா என்னவோ ஏதோவென்று வந்தாள்.

"இன்னாத்துக்கு சிரிக்கறீங்க ரெண்டு பேரும்?"

"அம்மா, அந்தக் கண்ணாடிதாம்மா பட்டனு. அதத் தொட்டாத்தான் பாடும். அப்பா பட்டன எல்லாம் மூடி தச்சிட்டாரு!"

"பட்டன் சைடுல இல்ல?" என்றார் அப்பா. "ஒரு விச இருந்துச்சே."

"அது பூட்டறதுக்குப்பா."

"கண்ணாடில யாராவது பட்டன் வெப்பானா? அவனுக்கு புத்தி இல்ல" என்றார் அப்பா. கோபம் இல்லை, வெட்கம்தான். கையை நீட்டி, "குடு, நாளைக்கு ஜன்னல் வெட்டித் தர்றேன்" என்றார்.

அக்கா கொடுக்கவில்லை. இயர்ஃபோனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு, டிவியில் செய்தி வாசிப்பவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதோ அப்பா குடுத்த பொட்டி. எங்க தொட்டாலும் பாடும்" என்று கேலியாகத் தோலின்மேல் கட்டைவிரலால் ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கினாள்.

அவள் முகம் மாறியது.

"ஏய். பேசுதுடீ."

"எது?"

"உள்ள பேசுது. இங்க வா, கேளு."

மறு காதை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு பிரிட்டிஷ்காரர் நூலகத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா இன்னோர் இடத்தில் அமுக்கினாள். நின்றது. அமுக்கினாள். மறுபடி வந்தது.

வெள்ளையை அதன் உறைக்குள் போட்டு நான் அமுக்கிப் பார்த்தேன். விரலால், நகத்தால், கட்டைவிரலால். ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்த காரணம்தான், படித்ததுதான். வெள்ளையின் கண்ணாடிக்கு விரல் நேரே பட வேண்டும். நம் உடம்பின் வழியே போகும் துளி மின்சாரத்தைத்தான் அது உணர்கிறது. கறுப்பின் திரை பழைய வகை. மேலே ஒரு மெல்லிய படலம், கீழே ஒன்று, நடுவில் நூலிழை இடைவெளி. அமுக்கினால் இரண்டும் ஒட்டும், அவ்வளவுதான். விரலா, நகமா, பேனா மூடியா என்று அதற்குக் கவலையில்லை. இந்த வித்தியாசத்தை எழுதித்தான் 'விரல் உணரும் வேகம்' என்ற வரிசையில் கறுப்புக்கு நான்கு மார்க் போட்டிருந்தேன்.

அந்தச் சாயங்காலம் முழுவதும் அடுக்களை வாசலில் உட்கார்ந்து வேலை செய்தோம். முதல் பிரச்சினை, ஓரத் தையல் திரையை அழுத்தி அதுவாகவே பாடத்தை மாற்றியது. அப்பா அங்கேயே தையலைப் பிரித்து, நூலளவு தளர்த்திக் கையால் தைத்தார். இரண்டாவது, எங்கே அமுக்குவது என்று தோலின்மேல் தெரியவில்லை. நான் கறுப்பை வெளியே எடுத்து, ஏ–பி மூலையும், சில விநாடி பின்னால் போகிற இடமும் ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று வெர்னியரால் அளந்து சொன்னேன். அப்பா தன் டிபன் பையைக் கொட்டினார். ஷூவில் அலங்காரத் துளை அடிக்கும்போது விழுகிற தோல் பொட்டுகள் அவருடைய பையின் மூலைகளில் எப்போதும் கிடக்கும். அதில் இரண்டைப் பொறுக்கி, நான் சொன்ன இடத்தில் பசை வைத்து ஒட்டினார்.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னதா வெச்சிக்கலாமா?" என்று கேட்டார். "கண்ண மூடிக்கிட்டு தடவுனா எது எதுன்னு தெரியணும் இல்ல."

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பெரிய பொட்டு பின்னால் போக. சின்னது ஏ–பிக்கு. திரை தூங்கிவிட்டால் முதல் அமுக்கு எழுப்பும், இரண்டாவது அமுக்குத்தான் வேலை செய்யும் என்று அக்காவிடம் சொல்லிக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தோள்பைக்குள் விட்டு, பத்து நிமிடம் பழகினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை டூட்டிக்குப் போய் வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு மூணு பாடம் முடிச்சேன்" என்றாள்.

பதினேழாவது வரிசையில் கறுப்பின் பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பத்து போட்டேன். கூட்டினால் நூற்றேழு. வெள்ளை அப்போதும் பதினொரு மார்க் முன்னால் இருந்தது. அதை மாற்றவில்லை. ஒவ்வொரு மார்க்கும் சரியாகப் போட்டதுதான்.

புது வருட ஆராதனை முடிந்து அண்ணன் வந்தார். அக்கா தோலுறையைத் தூக்கிக் காட்டி, "இதுதான் எனக்கு" என்றாள்.

"அதுவா? இன்னாது, சித்தப்பா மணிபர்ஸா?"

"கறுப்புண்ணா. உள்ள இருக்குது."

"நெசமாத்தான் சொல்றியா? அது கால்குலேட்டர் மாதிரி இருக்குதேம்மா. எனக்காக வுட்டுக்குடுக்கறியா?"

"உனக்காக ஒண்ணுமில்ல. அண்ணிகிட்ட போய், கஷ்டப்பட்டு வாங்கிட்டு வந்தேன்னு சொல்லி பேர் வாங்கிக்க."

அவர் வெள்ளையை எடுத்துக்கொண்டு, போகிறபோது அப்பாவிடம் அதற்குத் தைத்த உறையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதற்கு மட்டும் அப்பா ஜன்னல் வெட்டிக் கொடுத்தார்.

ஏழு வாரம் அக்கா அப்படிப் போய் வந்தாள். சில நாள் நான் வேலூர்ப் பக்கம் போக வேண்டியிருந்தபோது ஒரே பஸ்ஸில் நின்றிருக்கிறோம். பஸ் நிறையக் கூட்டம். டிரைவர் சத்தமாக வைத்த பாட்டு. அக்கா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பவள்போல் நிற்பாள். தோள்பைக்குள் போன கை மணிக்கட்டில் மட்டும் லேசாக அசையும். நான் ஏதாவது சொன்னால் மறுகையின் விரலைத் தூக்கி, 'இரு' என்பாள். சில நாள் ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா வரை ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் கேட்டாள் என்று இறங்கும்போது சொல்வாள்.

தேர்வு சென்னையில். அப்பாவுக்கு ஷிப்மென்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை. நான் கூடப் போனேன். காலை ரயிலில் போய் இறங்கி, நுழைவாயிலில் வரிசையில் நின்றோம். உள்ளே கைக்கடிகாரம்கூடக் கூடாது. அக்கா பையிலிருந்து கறுப்பை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"பத்தரமா வெச்சிக்க."

"பயமா இருக்குதாக்கா?"

"இல்ல. கைய இன்னா பண்றதுன்னுதான் தெரியல" என்றாள். வலதுகைக் கட்டைவிரலைச் சுண்டுவிரல்மேல் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

எதிர்ப்புறம் மர நிழலில் உட்கார்ந்தேன். உறையைக் கையில் வைத்துப் பார்த்தேன். பெரிய பொட்டைச் சுற்றித் தோல் கறுத்து, எண்ணெய் ஏறியதுபோல் மினுங்கியது. பொட்டின் விளிம்பே மழுங்கிப் போயிருந்தது. டெஸ்டிங் லேபில் இருந்தால் எத்தனை தேய்ப்புக்கு இந்த நிலை வரும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். கணக்குப் போடத் தொடங்கி, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இயர்ஃபோனை மாட்டி அமுக்கினேன். ரயிலில் அவள் கடைசியாக வைத்த ஏ–பி அப்படியே இருந்தது. ஒரு பெண் தன் தெருவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறாள். முடிந்ததும் மறுபடி சொல்கிறாள். வீட்டுக்கு எப்படி வர வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பது அடுத்த வாக்கியத்தில் இருக்கும். அந்த வாக்கியம் வரவே இல்லை. எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. அந்தத் தெருவில் அக்கா ஒரு கோட்டு போட்டுக்கொண்டு நடந்து போவதுபோல் எனக்குத் தோன்றியது. அதுவரை இந்தத் தேர்வில் அவள் தேற வேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். தேறினால் அவள் போய்விடுவாள் என்பதை அன்றுதான், அந்த நிழலில் உட்கார்ந்து, முழுசாக நினைத்தேன். நினைத்துவிட்டு, சார்ஜ் வீணாகக்கூடாது என்று அணைத்தேன்.

பிற்பகலில் அக்கா வெளியே வந்தாள்.

"எப்டி?"

"கடைசி பகுதில ரெண்டு வுட்டுட்டேன். மீதி எல்லாம் காதுல வுழுந்துச்சி" என்றாள். பிறகு, "பசிக்குதுடீ" என்றாள்.

முடிவு தபாலில் வந்த அன்று அக்கா டூட்டியில் இருந்தாள். அம்மா உறையைப் பிரிக்க விடவில்லை. அவள் வரும்வரை அது டிவிமேல் இருந்தது. அக்கா வந்து, கை கழுவி, துடைத்து, பிரித்தாள். 'கேட்பது' என்ற கட்டத்தில் வேண்டிய மார்க்கைவிட அரை மார்க் அதிகம். அம்மா ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். அப்பா அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "எப்போ போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடம் செப்டம்பரில் அக்கா போனாள். போய் மூன்று வருடம் ஆகிறது. முதியவர்கள் இருக்கும் வார்டில் வேலை. ஒரு தடவை வந்து போனாள், அடுத்து எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்கிறாள். அம்மா முதலில் பேசுகிறாள், நான் கடைசியில் பேசுகிறேன். நான் அதே லேபில் இருக்கிறேன். வீட்டில் இப்போது மூன்று பேர்.